எம்டிஎஃப் வெட்டும்போது கருகல் வாசனை, எழுத்துகள் தெறிக்கின்றன: ரவுட்டரில் எதை மாற்றுவது?

கேள்வி – பலகைக்காரன்

எட்டுக்கு நாலு அடி சிஎன்சி ரவுட்டர் (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்), 3 கிலோவாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்), வேக்யூம் பெட் (காற்றை உறிஞ்சி ஷீட்டைப் பிடிக்கும் மேசை). 18 மிமீ எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 50 மிமீ உயர எழுத்துகள் வெட்டுகிறோம். பிட் 6 மிமீ, இரண்டு ஃப்ளூட் (வெட்டும் முனையுள்ள பள்ளம்). 18,000 ஆர்பிஎம், மூன்று பாஸ் (ஆழத்தைப் பிரித்து மூன்று தடவை வெட்டுவது). பயந்து ஃபீடை (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1,500 மிமீ-க்கு மேல் ஏற்றவில்லை. ஓரம் பழுப்பேறி, கருகல் வாசனை வருகிறது. கடைசி பாஸில் சில எழுத்துகள் பெயர்ந்து தெறிக்கின்றன. ஹெல்பர் கையுறை கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில் – மூன்றாம் அச்சு

கருகலுக்குக் காரணமே அந்தக் குறைந்த ஃபீட்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,500-ஐ 18,000 பெருக்கல் 2-ஆல் வகுத்தால், ஒரு முனை ஒரு சுற்றில் எடுப்பது சுமார் 0.04 மிமீ. அந்த அளவில் பிட் வெட்டாது, தேய்க்கும். சூடு சீவலோடு வெளியேறாமல் பிட்டிலேயே தங்கிவிடும். 6 மிமீ பிட்டுக்கு எம்டிஎஃப்பில் 0.15 மிமீ வைத்துத் தொடங்கலாம். 12,000 ஆர்பிஎம், ஃபீட் 3,600. பாஸுக்கு 6 மிமீ ஆழம் சரிதான், அதை மாற்ற வேண்டாம். ஆர்பிஎம்மை விட்டுவிட்டு ஃபீடை மட்டும் 5,400-க்கு ஏற்றினால், சின்ன எழுத்தின் வளைவுகளில் மெஷின் அந்த வேகத்தை எட்டவே எட்டாது. மூலைகள் மறுபடி கருகும்.

இதில் பெரிய ஆபத்து ஓரத்தின் நிறம் அல்ல, டஸ்ட் கலெக்டர் பை. ஒரே ஒரு தீப்பொறி தூளுக்குள் புதைந்து மணிக்கணக்கில் கனன்று, கடை பூட்டிய பிறகு பற்றும். தினமும் வேலை முடிந்ததும் தூளை மூடியுள்ள இரும்பு டிரம்மில் கொட்டி, கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். பையில் புகை தெரிந்தால் முதலில் ப்ளோவரை நிறுத்துங்கள், அது கனலுக்குக் காற்று ஊட்டுகிறது. பையை உதறவே கூடாது. பறக்கும் தூள் ஒரேயடியாகப் பற்றி வெடிக்கும். மெயினை அணைத்துவிட்டுத் தண்ணீரைப் பூவாளி போலத் தெளித்து நனையுங்கள்.

பதில் – ஸ்பாயில்போர்டு

தெறிப்பதற்குக் காரணம் பரப்பளவு. வேக்யூமின் பிடி பரப்பைப் பொறுத்தது, 50 மிமீ எழுத்துக்கு அது மிகக் குறைவு. வெட்டு முழுதாக இறங்கியதும் அந்தப் பிளவு வழியே காற்றும் கசியும். கடைசி பாஸில் அடியில் வெட்டாமல் 0.5 மிமீ தோல் விட்டு எல்லா எழுத்தையும் முடியுங்கள். பிறகு அந்தத் தோலை மட்டும் தனியாக எடுங்கள். அப்படியும் நகர்ந்தால் எழுத்துக்கு இரண்டு மூன்று டேப் (எழுத்தை ஷீட்டோடு பிடித்துவைக்கும், வெட்டாத சின்னப் பாலம்), 5 மிமீ அகலம், 2 மிமீ தடிமன் விட்டு, பிறகு உளியால் வெட்டிக்கொள்ளலாம். ஒரே ஷீட்டில் பெரிய துண்டுகளும் இருந்தால் சின்னதை முதலில் வெட்டுங்கள், ஷீட் முழுதாக இருக்கும்போதுதான் பிடி நன்றாக இருக்கும்.

கையுறை வேண்டவே வேண்டாம். சுழலும் பிட்டில் நூல் ஒன்று சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோள் துண்டு, தொங்கும் சட்டைக்கை, கைக்கயிறு எல்லாமே அப்படித்தான். ஷீட் தூக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளட்டும், ஸ்பிண்டில் ஓடுமுன் கழற்றிவிட வேண்டும். அந்தக் காசில் கண்ணாடியும் காது மஃபும் என்95 முகமூடியும் வாங்குங்கள். எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது, துணி கட்டினால் நிற்காது.

பலகைக்காரன்

நன்றி. துண்டு நகர்வது தெரிந்தால் ஃபீட் ஹோல்டு (நகர்வை நிறுத்தும் பட்டன்) போதுமா?

பதில் – மூன்றாம் அச்சு

போதாது. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஃபீட் ஹோல்டு அச்சுகளை மட்டும் நிறுத்தும். ஸ்பிண்டில் அதே இடத்தில் சுழன்று மரத்தை எரிக்கும். துண்டு நகர்ந்தால் நேராக எமர்ஜென்சி ஸ்விட்ச். அதை அழுத்தினாலும் ஸ்பிண்டில் உடனே நிற்காது, சில விநாடி ஓடித்தான் நிற்கும். அதுவரை கை பெட்டுக்கு மேல் போகக்கூடாது. ஸ்விட்ச், பிட்டைத் தாண்டிக் கை நீட்ட வேண்டிய இடத்தில் இருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

பதில் – ஸ்பாயில்போர்டு

காலெட்டையும் (பிட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) ஒரு முறை பாருங்கள். முதலில் நட்டுக்குள் 'டிக்' என்று உட்காரவைத்து, அப்புறம்தான் பிட்டைச் செருகி ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். தூள் ஒட்டிய காலெட்டில் பிட் மெல்ல நழுவி இறங்கும், ஆழம் மாறும், ஷீட்டுக்கு அடியில் போட்ட ஸ்பாயில்போர்டு பலகை வெட்டுப்படும். ஃப்ளூட் பகுதி காலெட்டுக்குள் போகக்கூடாது. பிட் மாற்றினால் இசட் ஜீரோவை (பிட் உயரத்தின் தொடக்கப் புள்ளி) மறுபடி எடுத்து, 30 மிமீ உயர்த்தி ஒரு முறை வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.