இலங்கையில டிசைன் சொப்ட்வெயார் செய்து விக்கலாமோ? அச்சகம், ஸ்ரூடியோ வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

கோண்டாவில்_பிக்சல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஒரு ஐரி கொம்பனியில வேலை, பின்னேரத்தில சொந்தமா ஒரு சின்ன சொப்ட்வெயார் செய்துகொண்டிருக்கிறன். விசயம் என்னெண்டா இஞ்ச கார்ட் அடிக்கிற அச்சகம், அல்பம் செய்யிற ஸ்ரூடியோ, பிளெக்ஸ் கடை எல்லாம் இண்டைக்கும் பாமினி பொன்ட்தான், அது இங்கிலீஷ் எழுத்துகளின்ர இடத்தில தமிழ் எழுத்தை வச்ச பழைய பொன்ட். வீட்டுக்காரர் பேர், மண்டபம், முகூர்த்தம் எல்லாத்தையும் வட்ஸ்அப்பில யூனிகோட்டில, அதாவது போனில வழமையா வாற எழுத்து முறையில அனுப்புவினம், அது பாமினிக்கு நேர ஒத்துவராது, கடையில இருக்கிற பெடியன் அதைப் பாத்துப் பாத்து திரும்ப பாமினியில அடிப்பான், அதில ஒரு எழுத்துப் பிழைச்சு மாப்பிள்ளையின்ர தகப்பன்ர பேர் மாறிச்செண்டா அடிச்ச கார்ட் அவ்வளவும் குப்பை.

என்ர சாமான் என்ன செய்யுமெண்டா, அந்த மெசேஜை அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டா போட்டோசொப்பிலயும் கோரல்ட்ரோவிலயும் டிசைனில என்ன பொன்ட் இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி பேர், திகதி, மண்டபம் எண்டு அந்தந்த இடத்தில கொண்டுபோய் வைக்கும். நல்லா வேலை செய்யுது. ஆனா ஆர் காசு குடுத்து வாங்குவினம்? மாசம் 1,500 ரூவா போடலாமெண்டு யோசிச்சன். நாட்டில மொத்தமே 2 கோடி 17 லட்சம் சனம், அதில தமிழில வேலை செய்யிற கடையள் எத்தினை இருக்கப்போகுது. இதுக்கெல்லாம் ஒரு மார்க்கெட் இருக்கோ?

வெள்ளவத்தை_வாசி:

தம்பி மனச உடைக்கிறேன்னு நினைக்காதீங்க, ஆனா இங்க சொப்ட்வெயார் காசு குடுத்து வாங்குற பொருளே இல்ல. கொழும்புல கொம்பியூட்டர் வாங்கினா கடைக்காரனே விண்டோஸ், போட்டோசொப், கோரல் எல்லாம் போட்டுத்தான் தருவான், அது ஏதோ மவுஸ் பேட் ஃப்ரீயா வர்ற மாதிரி. 2017 கணக்குல நம்ம நாட்டுல போட்டிருக்கிற சொப்ட்வெயார்ல 77 வீதம் லைசன்ஸ் இல்லாததுன்னு பிஎஸ்ஏங்கிற சொப்ட்வெயார் கொம்பனிகளோட சங்கத்தின் அறிக்கையில வந்தது. 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, கொம்பியூட்டர் புரோகிராமும் அதுக்குள்ள வருது, ஆனா சட்டத்துக்குப் பயந்து போட்டோசொப் வாங்கின ஒரு ஸ்டூடியோவ நான் கண்டதில்ல.

ஒழுங்கா வாங்கணும்னு நினைக்கிறவனுக்கும் வழி இல்ல. 2013ல இருந்து போட்டோசொப் செய்ற அடோபியோட புது வெர்ஷன் எல்லாம் சந்தாதான். முழு பெக்கேஜ் மாசம் 60 டொலருக்குக் கிட்டன்னு வைங்க, டொலர் 300 ரூபான்னாலே 18,000, அதுக்கு மேல கார்ட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி வேற. 2022 மார்ச் தொடக்கத்துல 200 ரூபா சுத்தி இருந்த டொலர் மே மாசம் 360க்குப் போனப்போ, சந்தா கட்டிட்டிருந்த என் ஃப்ரெண்ட்ஸ் முக்காவாசிப் பேர் விட்டுட்டாங்க. விட்டவங்க திரும்பப் போகல. அடோபிக்கே இந்தக் கதின்னா உங்க 1,500 ரூபாவ யார் கட்டுவா?

மட்டு_அச்சகம்:

வெள்ளவத்தை அண்ணன் சொல்றது அரைவாசி சரி. நான் அச்சகம் நடத்துறவன், கடையில பழைய வெர்ஷன் போட்டோசொப் சிஎஸ் 3, கோரல் 12, ரெண்டுக்கும் ஒரு சதம் குடுக்கல்ல, ஒளிக்க என்ன இரிக்கி. ஆனா அதே கடையில காசு குடுத்த சொப்ட்வெயாரும் ஒண்டு இரிக்கி. பிளெக்ஸ் மெசின் சீனாவில இருந்து வரக்குள்ள கூடவே மெயின்ரொப் எண்டு ஒண்டு வரும், படத்த மெசினுக்கு விளங்கிற மாதிரி மாத்தி அனுப்புறது அதுதான். அதுக்கு யூஎஸ்பியில குத்துற ஒரு டொங்கிள். கழட்டினா மெசின் ஒரு அடி ஓடாது. கூட்டுறவங்க தட்டி விழுத்திருவாங்க எண்டு நாங்க அதுக்கு மேலால செலோடேப் சுத்தி வச்சிரிக்கம். அந்த டொங்கிளுக்கும் சேத்துத்தான் மெசின் விலைக்குள்ள காசு குடுத்தம், ஆரும் முறைப்பாடு சொல்லல்ல.

அதனால கடைக்காரன் காசு குடுக்கமாட்டான் எண்டில்ல தம்பி. வேலை நிண்டா குடுப்பான், மெசினோட வந்தா கேக்காமலே குடுப்பான். நீங்க கடை கடையா ஏறி இறங்காம மெசின் விக்கிற டீலரப் பிடிங்க. புது மெசினோட உங்கட சாமானையும் போட்டுக் குடுக்கட்டும், அவருக்கு ஒரு பங்கு. டீலர்ர பெடியன் சேர்விசுக்கு வரக்குள்ள உங்கட சாமானையும் பாத்துட்டுப் போவான், நீங்க கோண்டாவில்ல இருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறத் தேவல்ல.

மாசச் சந்தாவ மட்டும் மறந்திருங்க. ஆடி, மார்கழியில கலியாணம் இல்ல, கார்ட் இல்ல, அந்த மாசம் 1,500 கேட்டா போனத் தூக்கமாட்டம். ஒரு தரம் 15,000 எண்டு கேளுங்க, பேசிப் பேசி 12,000க்கு வருவம்.

கோண்டாவில்_பிக்சல்:

அண்ணை டொங்கிள் கதை எனக்கு ஓடவே இல்லை, நன்றி. ஒரு சந்தேகம், உங்கட கடையில ஏன் இன்னும் சிஎஸ் 3? க்ரக், அதான் காசு குடுக்காத கொப்பி எண்டாலும் புதுசு போடலாம்தானே. புதுசில யூனிகோட் ஒழுங்கா வரும், பிறகு என்ர சாமானே தேவையில்லாமப் போயிடுமோ எண்டு ஒரு பயம்.

மட்டு_அச்சகம்:

பயப்பட ஒண்டுமில்ல. சிஎஸ் 3ல யூனிகோட்டில "கொ" அடிச்சா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், 2012ல சிஎஸ் 6 வந்த பிறகுதான் நம்மட எழுத்துக்கு அவங்க வழி செஞ்சது, அதுவும் செற்றிங்கில போய் மாத்தணும். ஆனா நாங்க மாறாததுக்குக் காரணம் அது இல்ல. பழைய டிசைன் ஆயிரக்கணக்கில பாமினியில கிடக்கு, போன வருசம் அக்காவுக்கு அடிச்ச அதே கார்ட்ட தங்கச்சிக்கும் கேட்டு வருவாங்க. பிறகு அந்த வளைஞ்ச, பூப்போட்ட எழுத்து பொன்ட் எல்லாம் பாமினி அமைப்பிலதான் எங்களுக்கிட்ட இரிக்கி. யூனிகோட்டில நல்லதா பத்து பொன்ட் தேடி எடுக்கிறதுக்குள்ள வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போயிருவார்.

ஸ்கார்பரோ_மணியம்:

பிந்தி வாறதுக்கு மன்னிக்கோணும், இஞ்ச இப்பதான் விடிஞ்சது. கனடாவில நானும் அச்சு வேலைதான். நீங்கள் எல்லாரும் கலியாணக் கார்ட்டிலயே நிக்கிறியள். என்ர அனுபவத்தில தமிழில எழுத்து கனக்க வாற வேலை செத்தவீட்டு வேலைதான். கண்ணீர் அஞ்சலி ஒரு ராத்திரிக்குள்ள வேணும், 31ம் நாளுக்கு நினைவு மலர், அதுக்குள்ள தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளையள், பூட்டப்பிள்ளையள் வரைக்கும் பேர். லண்டனில இருக்கிற மகன் ஒரு பந்தி அனுப்புவார், பாரிசில இருக்கிற மருமகள் இன்னொண்டு, எல்லாம் யூனிகோட்டில போனில தட்டினது. நாற்பது பக்கத்தையும் ஒருத்தன் குந்தி இருந்து பாமினியில திருப்பி அடிக்கிறான். அதோட திகதி பிந்தேலாது, 31 எண்டா 31தான். இந்த வேலைக்கு ஆடியும் இல்லை மார்கழியும் இல்லை. உம்மட சாமானை இதுக்கு ஏத்த மாதிரி மாத்தினீரெண்டா இஞ்ச இருக்கிற கடையளும் வாங்கும், டொலரில.

காசு எடுக்கிறதை மட்டும் முதலே யோசியும். இலங்கையில இருந்து பேபாலில காசு அனுப்பலாம், வாங்கேலாது. ஒன்லைனில கார்ட்டால காசு வாங்கிற ஸ்ரைப்பும் அங்க இல்லை. வெளிநாட்டுக் காசு எடுக்க பேயோனியர் ஓடும். உள்ளூர்க் கடையள் எண்டா பாங்கில போட்டிட்டு சிலிப்பை வட்ஸ்அப்பில அனுப்புங்கோ எண்டு சொல்லும், அது காணும்.

வெள்ளவத்தை_வாசி:

மணியம் அண்ணே சொல்றது நல்ல ஐடியாதான், ஆனா ஒண்டு. டிசைன் பண்ற கென்வா ஃப்ரீ, அதே வேலைக்கு இருக்கிற அஃபினிட்டிய 2025 ஒக்டோபர்ல முழுசா ஃப்ரீயாக்கிட்டாங்க, வீடியோவுக்கு ரிசோல்வ், 3டிக்கு பிளெண்டர் எல்லாம் ஏற்கனவே ஃப்ரீ. இப்ப வர்ற பசங்க போட்டோசொப்பத் தொடாமலே டிசைனர் ஆகுறாங்க. போட்டோசொப், கோரல்னு மட்டும் கட்டிப்போட்டா அஞ்சு வருசத்துல என்ன பண்ணுவீங்க?

கோண்டாவில்_பிக்சல்:

அந்தக் கேள்வி எனக்கும் இருக்கு அண்ணை. மாத்திற பகுதியைத் தனியா எழுதித்தான் வச்சிருக்கிறன், மேல எந்த சொப்ட்வெயாரையும் கொழுவலாம். இப்போதைக்கு நினைவு மலருக்கு ஒரு வெர்ஷன் செய்யிறன். மட்டு அண்ணை, சிஎஸ் 3ல ஓட்டிப் பாக்க உங்கட கடைக் கொம்பியூட்டர் ஒரு நாள் கிடைக்குமோ?

மட்டு_அச்சகம்:

ஞாயிற்றுக்கிழம வாங்க, கடை பூட்டுத்தான். டொங்கிள மட்டும் கழட்டிராதீங்க.