வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி: கிம்ப்பில் தாத்தாவை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

வேட்டிப்பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவுக்கு 80 முடிகிறது, சதாபிஷேகத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். டிசைன் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. மாமா வாட்ஸப்பில் அனுப்பிய படம், 1200க்கு 1600 பிக்சல். தாத்தா பட்டு வேட்டி, பட்டுத் துண்டோடு வீட்டு முன்சுவரில் சாய்ந்து நிற்கிறார். சுவர் வெள்ளை, வேட்டி வெள்ளை, மீசையும் வெள்ளை.

படம் திருத்தும் இலவச சாப்ட்வேரான கிம்ப் 2.10 வைத்திருக்கிறேன். தொட்ட இடத்தை ஒட்டி அதே நிறம் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கும் ஃபஸ்ஸி செலக்டால் சுவரைத் தொட்டால் திட்டுத் திட்டாகத்தான் எடுக்கிறது. எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்க்கலாம் என்று சொல்லும் த்ரெஷ்ஹோல்டை 15லிருந்து 40க்கு ஏற்றினால் சுவரோடு வேட்டியையும் சேர்த்து விழுங்குகிறது. இன்னொரு குழப்பம்: செலக்ட் செய்த இடத்தில் டெலீட் அழுத்தினால் எதுவுமே ஆவதில்லை. பொறுமை போய் பிரஷ்ஷால் அழிக்கப் பார்த்தேன், இப்போது பிரஷ்ஷும் வேலை செய்யவில்லை. சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடவா?

சும்மா வந்தவன்:
இதுக்கெல்லாம் யார் கிம்ப் திறக்கிறாங்க ப்ரோ? பேக்ரவுண்ட் நீக்குற ஏஐ தளம் ஆயிரம் இருக்கு. போட்டோவைப் போடுங்க, அஞ்சே செகண்ட்.

வேட்டிப்பேரன்:
அதைத்தான் முதலில் செய்தேன் நண்பா. தலையும் துண்டும் அருமையாக வந்தன. இடுப்புக்குக் கீழே தாத்தாவைக் காணோம்.

டிடிபி தாமரை:
தம்பி, மறுபடி போடும் வேலையெல்லாம் வேண்டாம். சாப்ட்வேர் நன்றாகத்தான் இருக்கிறது.

டெலீட் வேலை செய்திருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஜேபெக் படத்தைத் திறக்கும்போது அது உட்காரும் லேயருக்கு (அடுக்குக்கு) ஆல்ஃபா சேனல் இருக்காது, அதாவது ஒளிபுகும் தன்மை இருக்காது. அப்படிப்பட்ட லேயரில் டெலீட் அழுத்தினால் ஓட்டை விழாது. பேக்ரவுண்ட் கலர் எதுவோ அதை நிரப்பும். உங்களிடம் அது வெள்ளையாக இருந்திருக்கும். வெள்ளைச் சுவரில் வெள்ளையைப் பூசினால் என்ன தெரியும்? லேயர் பட்டியலில் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆல்ஃபா இல்லை என்று அர்த்தம். அதன் மேல் வலது க்ளிக் செய்து 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுங்கள்.

பிரஷ் வேலை செய்யாததற்கு, எங்கோ ஒரு மூலையில் பத்துப் பிக்சலுக்குச் செலக்ஷன் மிச்சம் இருக்கும். செலக்ஷன் ஒன்று இருந்தால் அதற்கு வெளியே பிரஷ் எதையும் தொடாது. கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், எல்லாம் கலைந்துவிடும். கடைக்கு வரும் பசங்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வேட்டிப்பேரன்:
அக்கா, இரண்டும் சரியாகிவிட்டது! தாத்தா காலடியில் எறும்பு ஊர்வது போல ஒரு குட்டி வட்டம் இருந்தது. ஆனால் வேட்டி இன்னும் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது. முன்னால் இருக்கும் ஆளைப் பின்னணியிலிருந்து தானே பிரிக்கும் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் என்று ஒன்று இருக்கிறதே, அது உதவுமா?

டிடிபி தாமரை:
பச்சைத் தோட்டத்தில் சிவப்புச் சேலை என்றால் அது பிரமாதமாக எடுக்கும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றுதான் அதுவும் நினைக்கும். பேசாமல் பாத்ஸ் கருவியை எடுத்து ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆனால் சுத்தமாக வரும்.

பென்குயின் மாமா:
தாமரை சொல்வது கடைசி வழி. அதற்கு முன்னால் ஒன்று பார்க்கலாம். தம்பி, சுவர் என்ன வெள்ளை? பெயிண்ட்டா, சுண்ணாம்பா?

வேட்டிப்பேரன்:
சுண்ணாம்புதான் மாமா. பொங்கலுக்குப் பாட்டி நீலம் கலந்து அடிக்கச் சொன்னார்.

பென்குயின் மாமா:
பாட்டி உங்களுக்குப் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார். பட்டு வேட்டி வெள்ளை இல்லை, சந்தனம். நீலம் போட்ட சுவரும் வெள்ளை இல்லை, லேசான நீலம். வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் நிறத்தில் எதிரெதிர். அந்த நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கலர்ஸ் மெனுவில் காம்போனென்ட்ஸ், அதற்குள் டிகம்போஸ். வகை 'லேப்' என்று தேர்ந்தெடுங்கள். மூன்று கறுப்பு வெள்ளை லேயரோடு புதுப் படம் ஒன்று திறக்கும். எல் என்பது வெளிச்சம். ஏ, பச்சையிலிருந்து சிவப்புவரை. பி, நீலத்திலிருந்து மஞ்சள்வரை. நமக்கு வேண்டியது பி. சுவரில் விழுந்திருக்கும் நிழல் பெரும்பாலும் எல்-லோடு போய்விடும். ஃபஸ்ஸி செலக்ட் திட்டுத் திட்டாக எடுத்ததற்கு அந்த நிழல்தான் காரணம். பி-யில் மஞ்சள் கலந்த வேட்டியும் தாத்தாவின் தோலும் வெளுப்பாகவும் சுவர் கறுப்பாகவும் இருக்கும்.

முதலில் எல்லாம் மங்கலான சாம்பலாகத் தெரியும், பயப்படாதீர்கள். கலர்ஸில் லெவல்ஸ் திறந்து இரண்டு ஓர முக்கோணங்களையும் நெருக்குங்கள், வேட்டி பளிச்சென்று பிரியும். அந்த பி லேயரைக் காப்பி செய்து, பழைய படத்துக்கு லேயர் மாஸ்க் போட்டு, மாஸ்க்கின் மேல் பேஸ்ட் செய்து, கண்ட்ரோல் எச் கொடுத்து ஒட்டுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும். டெலீட் பக்கமே போக வேண்டாம். தப்பானால் திரும்ப வரைந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜேபெக் வழக்கமாக வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு நிறத்தைப் பாதி அகலம் பாதி உயரத்துக்குச் சுருக்கிவிடும். வாட்ஸப் படத்தையும் சின்னதாக்கிவிட்டதால் பி லேயர் கட்டம் கட்டமாக வரும். படம் அனுப்பிய உங்கள் மாமாவிடம் மூலப் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆறடி ஃப்ளெக்ஸுக்கு 1600 பிக்சல் எப்படியும் பற்றாது.

வேட்டிப்பேரன்:
மாமா!! மூலப் படம் 3000க்கு 4000 வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். வேட்டி மடிப்பு, ஜரிகை, கை எல்லாம் அப்படியே பிரிந்து வந்துவிட்டன. நெற்றி விபூதியிலும் கண்ணாடியிலும் ஓட்டை விழுந்தது, மாஸ்க்கில் வெள்ளை பிரஷ்ஷால் அடைத்துவிட்டேன். தலைமுடியும் மீசையும்தான் பாதி போய்விட்டன.

பென்குயின் மாமா:
நரைமுடியில் மஞ்சளும் கிடையாது, நீலமும் கிடையாது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும். மெல்லிய, ஓரம் மங்கிய பிரஷ்ஷால் மாஸ்க்கில் வரைந்து திரும்பக் கொண்டுவாருங்கள்.

டிடிபி தாமரை:
பேனர் பின்னணி என்ன நிறம், தம்பி?

வேட்டிப்பேரன்:
மெரூன். சித்தப்பா ஆர்டர்.

டிடிபி தாமரை:
தலைக்குப் பின்னால் மட்டும் வெளிர் மஞ்சளில் ஒளிவட்டம் மாதிரி ஒன்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முடியையும் தேட வேண்டியதில்லை, ஓரத்தில் ஒட்டியிருக்கும் சுவர் வெள்ளையும் கண்ணில் படாது. எண்பதாம் கல்யாணத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வேட்டிப்பேரன்:
வைத்துவிட்டேன் அக்கா. சித்தப்பாவே 'சாமி மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டார். தாத்தாவைத் தனியாக ஜேபெக்கில் சேவ் செய்து ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பட்டுமா?

டிடிபி தாமரை:
ஜேபெக் ஒளிபுகும் தன்மையைத் தாங்காது. மறுபடி ஒரு வெள்ளைச் சுவரோடு போய் நிற்பார். தாத்தா மட்டும் என்றால் பிஎன்ஜி. லேயரெல்லாம் அப்படியே இருக்கும் கிம்ப்பின் சொந்த ஃபைலான எக்ஸ்சிஎஃப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், 'இவ்விழாவிற்கு வருகை தரும்' வரிசையில் விட்டுப்போன ஒரு மாமா பெயர் நாளைக்குக் கண்டிப்பாக வரும்.