கிட்டார் அண்ணனை நேர்ல பாத்தவங்க, பேசினவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

அரசலாறு:
அவரு பேரும் போட மாட்டேன், குழுவோட பேரும் போட மாட்டேன், அவருக்கே அது புடிக்காது. கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் கோயில் திருவிழா முடிஞ்சு நடக்குற விடையாத்தி கச்சேரி பாத்து வளந்தவங்களுக்கு யாரைச் சொல்றேன்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். கீபோர்டைத் தாண்டி மேடையோட வலது ஓரத்துல, அரைக்கை சட்டை போட்டுக்கிட்டு, கிட்டாரும் வாசிச்சு பாட்டும் பாடுவாரே, அவருதான். மத்தவங்க மைக்க முழுங்குற மாதிரி புடிப்பாங்க, இவரு ஒரு சாண் தள்ளியே நிப்பாரு.

நான் முதல்ல பாத்தது வலங்கைமான்ல, மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழா அன்னிக்கு ராத்திரி, அப்ப நான் ஏழாவது. எங்கப்பா ஒரு சீட்டுல 'இளைய நிலா'ன்னு எழுதி பத்து ரூவா நோட்டையும் சேத்துக் குத்தி மேடைக்குக் குடுத்துவிட்டாரு. 1982ல வந்த பாட்டு, எஸ்.பி.பி. பாடினது, எந்தக் குழுவுல கிட்டார்காரன் புதுசா சேந்தாலும் முதல்ல அத வாசிக்கச் சொல்லித்தான் எடை போடுவாங்க. இவரு சீட்டைப் படிச்சுட்டு, "இத ரெக்கார்டிங்ல வாசிச்சது சந்திரசேகர் சாருங்க, அவரு வாசிச்சதுல கால்வாசி வந்தாலே எனக்குப் பெருசு"ன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சாரு. பாட்டுக்குப் பின்னாடி கிட்டார் வாசிச்சவருக்கும் ஒரு பேரு இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது சரணத்துல ஜெனரேட்டர் நின்னு போச்சு. ஒரே இருட்டு, விசிலு. சினிமாவா இருந்தா மைக் இல்லாமலே பாடி ஊரையே அழ வெச்சிருப்பாரு, நானும் அதைத்தான் எதிர்பாத்தேன். இவரு கிட்டாரைக் கழட்டி வெச்சுட்டு, செல்போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு மேடைய விட்டு எறங்கி வந்து, "அம்மா இங்க ஒயர் கெடக்கு, புள்ளைய தூக்கிக்கங்க, அண்ணே கொஞ்சம் நகந்து உக்காருங்க"ன்னு ஒவ்வொரு வரிசையா சொல்லிக்கிட்டே போனாரு. கரண்டு வந்ததும் விட்ட வரியில இருந்து எடுத்தாரு. அந்தப் பாட்டை அதுக்கப்புறம் எத்தனையோ பேரு வாசிச்சுக் கேட்டுட்டேன், எனக்கு ஞாபகம் வர்றது என்னவோ அந்த டார்ச்சு வெளிச்சம்தான்.

நீங்களும் எழுதுங்க. போட்டோ மட்டும் போடாதீங்க.

நீடாமங்கலம் கேட்டு:
எங்கூரு ரயில்வே கேட்டைப் பத்தி டெல்டாவுல எல்லாருக்கும் தெரியும், போட்டா போட்டதுதான். ஒரு நாள் சாயங்காலம் இவங்க வேனும் மாட்டிக்கிச்சு, மன்னார்குடி பக்கம் எங்கியோ கச்சேரி போல, டிரைவரு வாட்ச்ச பாத்து பாத்து பொலம்புறாரு, இவரு எறங்கி வறுத்த கடலை வாங்கிக்கிட்டு நிக்கிறாரு. கடலை விக்கிற அக்கா, பொட்டியில என்னா தம்பி இருக்குன்னு கேட்டுச்சு. வேற யாரா இருந்தாலும் கிட்டாருன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பாங்க. இவரு பொட்டிய வேன் படியில வெச்சு தொறந்து காமிச்சாரு. அக்கா ஒரு கம்பிய சுண்டிட்டு, "அய்யய்யோ, கையில எண்ணெய்"ன்னு வெக்கப்பட்டுச்சு. "இருக்கட்டும்க்கா, இன்னிக்கு வழவழன்னு ஓடும்"னாரு. அவ்ளோதான். கேட்டு தொறந்துட்டாங்க.

தெற்கு வீதி:
நாங்க தஞ்சாவூர்ல வீணை செய்யிற குடும்பம். பலா மரத்தைக் கொடைஞ்சு கொடம் எடுக்குறது, கருமெழுகு வெச்சு, விரல் வெச்சு வாசிக்கிற 24 மெட்டு கட்டுறதுன்னு மூணு தலைமுறையா இதேதான். 2013ல புவிசார் குறியீடு கெடைச்சப்ப எல்லாரும் வந்து போட்டோ எடுத்தாங்க, சரி அது வேற கதை.

ஒரு அக்னி நட்சத்திரத்துல இவரு கிட்டாரைத் தூக்கிக்கிட்டு பட்டறைக்கு வந்தாரு. மத்தியானம் பூட்டுன வேன்ல வெச்சிருக்காங்க, சூட்டுல பசை எளகி கம்பி கட்டுற பிரிட்ஜு தூக்கிக்கிச்சு. எங்கப்பாவுக்கு லைட் மியூசிக்னாலே ஆகாது, சந்தைக்கடைன்னு தான் சொல்லுவாரு, கிட்டாரைத் தொடக்கூட இல்ல, "இது நம்ம வேலை இல்ல தம்பி, கடையில குடுங்க"ன்னுட்டாரு. இவரு எதுத்தும் பேசல, கெளம்பவும் இல்ல, ஓரமா உக்காந்து அப்பா மெட்டு கட்டுறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் மெதுவா, "ஒரே மெட்டுல கம்பிய இழுத்து நாலு சுரம் வாங்குறீங்களே, நான் கிட்டார்ல அத முயற்சி பண்ணினா கம்பிதாங்க அறுந்து போவுது"ன்னாரு. எங்கப்பாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவரு சிரிச்சா வேலை முடிஞ்ச மாதிரி. பழைய பசைய சுரண்டி எடுத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, மேல கட்டைய வெச்சு இறுக்கி ரெண்டு நாள் நெழல்ல வெச்சிருந்தாரு. காசு ஒழுங்கா கறாரா வாங்கிக்கிட்டாரு, அதுல எல்லாம் விட மாட்டாரு.

அந்த வருசம் பக்கத்துத் தெரு அம்மன் கோயில் கச்சேரிக்கு எங்கப்பா போனாரு, பொறந்ததுல இருந்து போனதில்ல. கடைசி வரிசையில கைய கட்டிக்கிட்டு நின்னாரு. எப்படிப்பா இருந்துச்சுன்னு கேட்டேன். "ஒட்டு நிக்குது"ன்னாரு.

கந்தூரி ராத்திரி:
நாகூர் பக்கம் எந்தக் குழு வந்தாலும் ஹனிபா பாட்டு ரெண்டாவது பாடியாகணும். அந்தக் குரல் தெருவுக்கு அந்தப் பக்கம் கேக்கும், இவரு குரல் அடுத்த வரிசைக்கு வந்தாலே அதிகம், அதனால என்னடா பண்ணப் போறாருன்னு பாத்தோம். அவரை மாதிரி பாட முயற்சியே பண்ணல, சின்ன புள்ளைக்கு சொல்லிக் குடுக்குற மாதிரி பாடினாரு. கச்சேரி முடிஞ்சு எங்க வாப்பா போயி, "இது ஹனிபா இல்லையே தம்பி"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. "ஆமாங்க பாய், அவரு ஒருத்தரு தானுங்களே"ன்னாரு. வாப்பா அதுக்கு மேல ஒண்ணும் பேசல, கையில இருந்த பூந்திப் பொட்டலத்தை அவருகிட்ட குடுத்துட்டாங்க, அது எனக்கு வாங்கினது.

குத்தாலம் பொண்ணு:
காலேஜ் படிக்கிறப்ப ரெண்டு வருசம் அந்தக் குழுவுல பாடியிருக்கேன். என் சுருதி அஞ்சரை கட்டை. ஒரு தை மாசம், தொடர்ந்து மூணு நாள் கச்சேரி, பனி வேற, மூணாம் நாள் தொண்டை கட்டிக்கிச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல, சொன்னா அடுத்த வாட்டி வேற பொண்ணைக் கூப்பிடுவாங்கன்னு பயம். சுக்குத் தண்ணிய குடிச்சுட்டு மேடை ஏறிட்டேன். முதல் பாட்டு முடிஞ்சு நான் சீட்டைப் பொரட்டிக்கிட்டு நிக்கிறேன், இவரு ஒண்ணுமே சொல்லாம கிட்டார் கம்பிகள அமுக்கிப் புடிச்சு சுருதி மாத்துற கேபோ கிளிப்ப மூணாம் கட்டத்துல இருந்து ஒண்ணாம் கட்டத்துக்கு எறக்கினாரு, கீபோர்டு அண்ணனுக்கு ரெண்டு விரலை கீழ காமிச்சாரு, அவரு சுருதி மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கினாரு, பாட்டு அப்படியே நாலரை கட்டைக்கு வந்து உக்காந்துக்கிச்சு. கூட்டத்துல ஒரு ஆளுக்குத் தெரியாது. மேல போற எடத்துல எல்லாம் அவரும் கூடவே பாடினாரு, என் குரலுக்கு அடியில, என் குரல் எங்க ஒடையுதுன்னு எனக்கே கேக்காத மாதிரி.

இன்னொண்ணும் சொல்லணும், கச்சேரி ரெண்டு மணிக்கு முடிஞ்சாலும் வேன் முதல்ல போறது பாடுற பொண்ணுங்க வீட்டுக்குத்தான், வாசல் லைட்டு எரிஞ்சு கதவு தொறந்து அம்மா வந்து நிக்கிற வரைக்கும் வண்டிய எடுக்க விட மாட்டாரு. டிரைவர் அண்ணன் திட்டுவாரு. எங்கம்மா அவரைத் தம்பின்னுதான் கூப்பிடும், அவரு என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுவாரு, மொறை எப்படி வரும்னு எங்க வீட்டுல இன்னும் சண்டை.

ஜி மைனர்:
எல்லாரும் புகழ்றீங்க, நான் ஒரு கொறை சொல்றேன். அவரு கிட்டார் சத்தம் கீழ ஒழுங்கா கேக்கவே கேக்காது, ரிதம் பேடு அடிக்கிற தம்பிக்கும் பேஸுக்கும் நடுவுல முங்கிப் போவுது, சவுண்டு போடுறவங்ககிட்ட ஏத்தச் சொல்லுங்கன்னே நான் நேர்லயே சொல்லிட்டேன், "அவங்க வேலைய அவங்க பாக்குறாங்க தம்பி"ன்னு அதுக்கும் ஒரு சிரிப்பு. இப்படியே இருந்தா எப்படிங்க? கொஞ்சம் சத்தமா இருந்திருந்தா மெட்ராஸ்ல எங்கியோ இருந்திருப்பாரு.

எனக்குக் கிட்டார் சொல்லிக் குடுங்கன்னு கேட்டதுக்கு முதல் நாள் சொல்லிக் குடுத்தது பாட்டே இல்ல, கம்பி தொடைக்கிறது. வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் வாசிச்சா உப்புக் காத்துல ஒரே வாரத்துல துரு ஏறிடும், அதனால பொட்டிய மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பியா துணிய விட்டு இழுக்கணும், மெலிசு கம்பி ரெண்டும் தான் முதல்ல அறும், எப்பவும் கூட ஒரு ஜோடி வெச்சிருக்கணும், இப்படி. அந்த ஆளு கடலைக்கார அக்கா எண்ணெய்க் கைய வெச்சப்ப இருக்கட்டும்னாராம்! நான் ஒரு தடவை பஜ்ஜி தின்ன கையோட தொட்டதுக்கு கைய கழுவிட்டு வரச் சொன்னவரு.

உப்பளம்:
கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 15 ராத்திரி, விடியிறப்ப வேதாரண்யம் பக்கம் எந்த தென்ன மரமும் நிக்கல. கரண்டு வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வெளியூர்ல இருந்து ஜெனரேட்டர் கொண்டாந்து போனுக்கு இத்தனை ரூவா, மோட்டர் ஓட்ட மணிக்கு இத்தனை ரூவான்னு வாங்கினாங்க, அவங்களையும் தப்பு சொல்ல முடியாது, டீசல் விக்கிற வெலை அப்படி. ஒம்பதாம் நாளோ பத்தாம் நாளோ ஒரு டாட்டா ஏஸ் வந்துச்சு, கச்சேரிக்குக் கொண்டு போற ஜெனரேட்டர், கச்சேரிக்கு இழுக்குற அதே ஒயரு, ஆம்ப்ளிபயர் சொருகுற பிளக்குப் பலகை. முதல்ல மேல்நிலைத் தொட்டி மோட்டர ஓட்டி தண்ணி ஏத்தினாங்க, அப்புறம் பலகைய திண்ணையில போட்டு வரிசையா போனு. எது யாரு போனுன்னு மாறிடக் கூடாதுன்னு இவரு ஒவ்வொண்ணுலயும் சின்னச் சீட்டு ஒட்டி பேரு எழுதுறாரு, கச்சேரியில பாட்டு கேட்டு எழுதிக் குடுப்போமே அந்தச் சீட்டு நோட்டு.

ஒரு பய, அண்ணே ஒரு பாட்டு பாடுங்கண்ணேன்னு கேட்டான். "கொடத்தை எடுத்துட்டு வா, தண்ணி நிக்கிறதுக்குள்ள"ன்னாரு. மூணு நாள் வந்தாங்க. ஒரு வரி பாடல.

கொள்முதல்:
கொரோனா வந்த வருசம் இவங்களுக்கு எல்லாம் பங்குனி, சித்திரை, வைகாசின்னு சீசன் மொத்தமா போச்சு, வருசத்துக்கே சம்பாதிக்கிறது அந்த மூணு மாசந்தான். அந்த 2020ல மேட்டூர் அணைய எட்டு வருசத்துக்கு அப்புறம் சரியா ஜூன் 12ல தொறந்தாங்க, குறுவை நல்ல வெளச்சல். எங்க ஊரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தைக்கிற ஆளு ஒருத்தரு புதுசா வந்திருந்தாரு, மாஸ்க்கு, தலையில துண்டு. "அண்ணே, மூட்டைய இப்படி சாச்சு வைங்க"ன்னு அவரு சொன்னதுமே எனக்கு குரல் தட்டிருச்சு. பேசலாமா வேணாமான்னு யோசிச்சேன், அவருக்குச் சங்கடமா இருக்குமோன்னு. அவரே, "திருவெண்காட்டுல முன் வரிசையில உக்காந்து தாளம் போடுவீங்களே"ன்னு கேட்டுட்டாரு. என்னைய அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

இடது கை விரல் நுனிய சணல்ல தேச்சுக்கிட்டே இருப்பாரு. என்னங்கன்னு கேட்டா, "வாசிக்காம விட்டா காய்ப்பு எளகிப் போயிடும், அப்புறம் முதல்ல இருந்து வலிக்கும்"னாரு.

செப்டம்பர் 25, எஸ்.பி.பி. போயிட்டாருன்னு மத்தியானம் ஒரு மணிக்கு மேல செய்தி வந்துச்சு. அங்க போனு வெச்சிருந்த பய சத்தமா படிச்சுட்டான். இருபது வருசத்துக்கு மேல ராத்திரி ராத்திரி அந்த மனுசன் பாட்டைப் பாடிப் பொழைச்சவரு இவரு. ஊசிய நிறுத்தல, தல நிமிந்து பாக்கல, தச்சுக்கிட்டே இருந்தாரு. நாப்பது கிலோ மூட்டை, அதே வாயில ரெண்டாந்தடவ தைக்கிறாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. எடை போடுறவரு அடுத்த மூட்டைய தள்ளாம அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னாரு.

அரசலாறு:
கொள்முதல் அண்ணே, நான் கேள்விப்பட்டதே இல்ல இது. ஜி மைனர் தம்பி, மெட்ராஸ் விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல, அங்க போயிருந்தா உப்பளம் அண்ணன் தெருவுக்கு யாரு தண்ணி ஏத்தியிருப்பாங்க, ஆனா சத்தம் கேக்கலைங்கிறது நெசம்தான், நானும் ஒத்துக்கிறேன்.

ரெண்டு மூணு பேரு தனியா கேட்டிருந்தீங்க, ஆமா, இன்னும் பாடுறாரு. இப்ப எல்லா ஊர்லயும் டீஜே வெக்கிறாங்க, கச்சேரி கொறைஞ்சு போச்சு, பத்து மணிக்கு மைக்க நிறுத்தணும்னு போலீசும் வந்து நிக்கிறாங்க, அதனால இப்பெல்லாம் ஏழுக்கே ஆரம்பிச்சுடுறாங்க, லேட்டா போனா விநாயகர் பாட்டும் அம்மன் பாட்டும் போயிடும். போறவங்க மேடைக்கு வலது பக்கமா, ஸ்பீக்கர் பொட்டிக்குக் கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க. அங்க நின்னா கிட்டார் நேராவே கேக்கும். கீழ ஒயர் கெடக்கும், பாத்து.