சுற்றுச்சூழல் பொருளாதாரம் எங்க படிக்கிறது, எதுல இருந்து வாசிக்க ஆரம்பிக்கிறது?

மெர்பேங்க்_மீனா:
வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல பிகாம் எக்கனாமிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். அடுத்து சுற்றுச்சூழல் பொருளாதாரம், இல்லன்னா பாலிசி பக்கம் போகணும்னு ஆசை, ஆனா எந்த வர்சிட்டில என்ன பேர்ல அந்தப் படிப்பு இருக்குன்னே புடிபடல, ஒரு இடத்துல காமர்ஸ்ல வச்சிருக்காங்க, இன்னொரு இடத்துல விவசாய டிபார்ட்மென்ட்ல, வேற இடத்துல சட்டத்துல. எங்க வீடு இங்க ரிஃபைனரி ஓரமா இருக்குற மெர்பேங்க் ஏரியால. நான் ஸ்கூல் போன காலத்துல ரிஃபைனரி பக்கமிருந்து காத்து அடிச்சா ஜன்னலைச் சாத்தினாலும் வாடை உள்ள வந்துரும், என் தம்பி ஆஸ்துமா பம்ப் இல்லாம விளையாடப் போனதே கிடையாது. இந்த ஏரியா ஸ்கூல் ஒண்ணுல 2002 வாக்குல நடந்த ஆய்வுல பாதிக்கு மேல ஆஸ்துமான்னு வந்துச்சு. டாக்டர் செலவு, ஸ்கூல் போகாத நாள் இதெல்லாம் யார் கணக்குல ஏறுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இதைப் படிக்க நினைக்கிறேன். மேத்ஸ் சுமாரா வரும். அப்பா ஃபீஸ் என்னாகும்னு கேட்டுட்டே இருக்காரு, பேசாம சென்னைக்குப் போய்ப் படின்னும் சொல்றாரு.

கேப்டவுன்_ரவி:
தங்கச்சி, மாஸ்டர்ஸ் தேடுறதுக்கு முன்னாடி ஹானர்ஸைப் பாரு. இங்க மூணு வருஷ டிகிரி முடிச்ச கையோட மாஸ்டர்ஸ் எடுக்க மாட்டாங்க, நடுவுல ஒரு வருஷம் ஹானர்ஸ் இருக்கு, அதுல எக்கனோமெட்ரிக்ஸ், அதாவது புள்ளிவிவரத்தை வச்சுப் பொருளாதாரத்தை அளக்குற பாடம், எப்படிப் பண்ணியிருக்கேன்னுதான் பின்னாடி பார்ப்பாங்க. கேப்டவுன் யூனிவர்சிட்டி எக்கனாமிக்ஸ் பக்கம் என்விரான்மென்டல் பாலிசி ரிசர்ச் யூனிட்னு ஒண்ணு இருக்கு. 2018-ல இங்க குழாய் அடைச்சிருவாங்கன்னு ஊரே பயந்துச்சுல்ல, அந்தச் சமயத்துத் தண்ணிப் பஞ்சத்தை ஒட்டி, வீட்டுத் தண்ணி பில்லோட விதவிதமா செய்தி அனுப்பி எதைப் பார்த்து ஜனங்க தண்ணிய மிச்சம் பண்றாங்கன்னு பரிசோதனை பண்ணினது அவங்கதான். பிரிட்டோரியா யூனிவர்சிட்டில ஆப்பிரிக்காவுக்கான சுற்றுச்சூழல் பொருளாதார மையம் இருக்கு, அது விவசாயப் பொருளாதாரத்தோட சேர்ந்து வரும், நீ குழம்பினது அதனாலதான். கணக்கு வேண்டாம்னா ஸ்டெலன்போஷ் யூனிவர்சிட்டில சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்ல டிப்ளமோவும் எம்ஃபிலும் இருக்கு. ஆனா நீ கேக்குற கேள்வி யார் கணக்குல ஏறுதுங்கிறது. அதுக்கு எண்ணு வேணும்மா. எண்ணு இல்லாம கூட்டத்துல பேசினா கேட்டுட்டு டீ குடுத்து அனுப்பிருவாங்க. அதனால எக்கனாமிக்ஸை விடாத, மேத்ஸ் சுமார்னா இந்த வருஷமே ஸ்டாட்ஸ் மாட்யூல் ஒண்ணு கூட எடு.

சென்டூரியன்_கலா:
ரவி அண்ணா சொல்றது சரி, நான் வாசிக்கிறதைப் பத்தி மட்டும் சொல்றேன். பிகூங்கிற பொருளாதார அறிஞர் 1920-லயே சொல்லிட்டாரு, புகை விடுறவன் அடுத்தவனுக்கு வைக்கிற செலவை வரியாப் போட்டு அவன்கிட்டயே திருப்பி வாங்கணும்னு. 1960-ல கோஸ்னு இன்னொருத்தர் ஒரு கட்டுரையில, உரிமை யாருக்குன்னு தெளிவா இருந்து, பேசி முடிக்கிற செலவும் இல்லன்னா ரெண்டு தரப்பும் பேசியே தீர்த்துக்கலாம்னாரு. ஒரு பக்கம் மெர்பேங்க் மாதிரி ஆயிரக்கணக்கான வீடு, இன்னொரு பக்கம் ஒரு ஆலை, இவங்க எப்படி உக்காந்து பேசி முடிப்பாங்க? இந்தக் கேள்விய மனசுல வச்சுக்கிட்டு அந்தக் கட்டுரையை வாசி, நல்லாப் புரியும். அப்புறம் கண்டிப்பா எலினோர் ஆஸ்ட்ரோம், பொதுச் சொத்தை ஊர்க்காரங்க எப்படிப் பகிர்ந்துக்கிறாங்கன்னு 1990-ல வந்த புத்தகம், 2009-ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண் அவங்க. அதுல இலங்கை மவெல்ல ஊர்க் கரைவலைக் கதை வரும், வலைப் பங்கு பிரிஞ்சு பிரிஞ்சு வலை கூடிக்கிட்டே போய், கடைசில யாருக்கும் கட்டுப்படியாகாமப் போகும். நம்ம கடற்கரையில சார்டின் மீன் வர்ற சமயம் வலை இழுக்குறவங்களைப் பார்த்தவங்களுக்கு அது உடனே ஒட்டிக்கும்.

உள்ளூர் விஷயமும் விடாத. பிளாஸ்டிக் பைக்கு இங்க 2003-ல காசு வாங்க ஆரம்பிச்சாங்க, முதல்ல பை எடுக்குறது சடார்னு குறைஞ்சுச்சு, அப்புறம் பை விலையை இறக்கினதும் மெதுவா ஏறிருச்சு, இதைக் கடைகளோட கணக்கை வச்சே 2007-ல தென்னாப்பிரிக்கப் பொருளாதார ஜர்னல்ல எழுதியிருக்காங்க. நீ தினம் கடையில காசு கட்டுற டில்லுல பாக்குற பைதான், அதுலயே வரி, விலை, பழக்கம் மூணும் இருக்கு. கார்பன் வரியையும் பாரு, 2019 ஜூன்ல ஆலை விடுற கார்பன் வாயு டன்னுக்கு 120 ராண்ட்னு ஆரம்பிச்சுது, ஆனா தள்ளுபடி 60-ல இருந்து 95 சதவீதம் வரைக்கும் இருந்ததால நிஜத்துல கட்டினது 6-ல இருந்து 48 ராண்ட்தான். அந்தத் தள்ளுபடி எதுக்கு, யாருக்குன்னு தோண்டினாலே ஒரு ஹானர்ஸ் ப்ராஜெக்ட் வந்துரும்.

மெர்பேங்க்_மீனா:
ரொம்ப நன்றி அண்ணா, கலா அக்கா. கரைவலை விஷயம் படிச்சதும் அப்பாகிட்ட சொன்னேன், உக்காந்து கேட்டாரு. ஆனா கட்டுரை எல்லாம் காசு கேக்குது, அப்புறம் சென்னை விஷயம்?

பீனிக்ஸ்_தாத்தா:
பாப்பா, சென்னைன்னா கோட்டூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் இருக்கு, அங்க சுற்றுச்சூழல் பொருளாதாரத்துலயே எம்ஏ குடுக்குறாங்க, நல்ல இடம்தான். ஆனா டர்பனைப் பத்தி வேலை பண்ணணும்னா இங்கயே படிச்சாத்தான் இங்க டேட்டா வச்சிருக்குற ஆளுங்களோட பழக்கம் கிடைக்கும். கட்டுரைக்கு ஐடியாஸ்னு ரெபெக் (RePEc) சைட் இருக்கு, அதுல தலைப்பைப் போட்டா ஒர்க்கிங் பேப்பர் வடிவம் பல தடவை ஓசியிலயே கிடைக்கும், விவசாயம் சார்ந்ததுன்னா அக்எகான் சர்ச்னு (AgEcon Search) இன்னொரு சைட். ஸ்வீடன் கோத்தன்பர்க்ல இருந்து நடத்துற என்விரான்மென்ட் ஃபார் டெவலப்மென்ட் அமைப்போட கட்டுரைகளும் இலவசம், ரவி சொன்ன கேப்டவுன் யூனிட்டும் அதுல ஒரு மையம். நம்ம அரசியல் சாசனம் 24-ம் பிரிவையும் 1998 சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தோட ரெண்டாம் பிரிவையும் பொறுமையா ஒரு தடவை வாசி. மாசு பண்ணினவங்களே செலவை ஏத்துக்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு, உன் கேள்விக்கு அங்க ஒரு பிடி கிடைக்கும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஹானர்ஸுக்கு என்ஆர்எஃப், அதாவது தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை குடுக்குற பர்சரி (உதவித்தொகை) உண்டு, பெரும்பகுதி இங்கத்துக் குடிமக்களுக்கும் பெர்மனன்ட் ரெசிடென்ஸ் உள்ளவங்களுக்கும்தான், முந்தின வருஷமே அப்ளிகேஷன் திறந்துரும். உன் வர்சிட்டி ரிசர்ச் ஆபீஸ்ல உள் கெடு தேதி இன்னும் முன்னாடியே இருக்கும், அதை இந்த வாரமே நேர்ல போய்க் கேட்டுரு.