பதில்: குளத்து வாத்தும் தலைக்கு 2,000-மும்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

பத்து நாள் லீவில் ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் மஸ்கட் திரும்பினேன். வந்து பார்த்தால் நம்ம ஊர்க் குழுவில் ஒரு படம்: "இமயமலை தாண்டி நம்ம குளத்துக்கு வந்த அபூர்வ விருந்தாளி." அதைச் சாக்கிட்டு ரோட்டில் ஊர்ப் பெயர் போட்டு ஒரு வளைவு கட்ட, தலைக்கு 2,000 ரூபாய். அந்த வாத்தை நானும் பார்த்தேன். பணம் அனுப்பும் முன்னால் இதை வாசித்துவிடுங்கள்.

வரித்தலை வாத்துதான், சந்தேகமே இல்லை. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக ரெண்டு கறுப்புக் கோடு. மார்கழி, தையில் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்கு வருகிற அதே ஜாதி. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, குளிருக்கு இங்கே வந்துவிட்டு, வெயில் ஏற ஏறக் கிளம்பிவிடும். இமயமலைக்கு மேலே 7,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பறந்ததைக் கருவி கட்டிப் பதிந்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டது வைகாசி வெயிலில் ஒத்தையாக நிற்கிறதென்றால், போக வழியில்லாமல் நிற்கிறது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். சின்ன மடைக்கு மேற்கே, இருபது அடி தூரத்தில் நின்று பார்த்தேன். இடது இறக்கை சரியாக மடங்கவில்லை. நுனி தொங்கி, சேறு காய்ந்து அப்பியிருந்தது. காலில் பச்சை நைலான் இழை. தெருநாய் கரையிறங்கியதும் தத்தித் தத்தித் தண்ணிக்குள் போனதே தவிர எழும்பவில்லை. மீன்பாசி குத்தகைக்காரரின் வலைக்கிழிசல் கரை நெடுகக் கிடக்கிறது. அதில்தான் மாட்டியதென்று சத்தியம் பண்ண மாட்டேன்.

அதைவிட எனக்குப் பயம் நாரைகளை நினைத்துத்தான். உள்குளத்துக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைக் கூடு 41 எண்ணினேன். குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முற்றவில்லை. தாயும் தகப்பனும் மீனைக் கொண்டுவந்து கூட்டில் கக்கித்தான் ஊட்டுகின்றன. குத்தகைக்காரர் மோட்டார் போட்டு மிச்சத் தண்ணியையும் இறைத்து மீனை அள்ளப் போகிறாராம். ஒரு மாசம் பொறுக்கச் சொல்லி அவருக்கு ஒரு தொகை கொடுப்பதானால் என் பங்கு 5,000. வளைவுக்கு ஒரு பைசா கிடையாது.

வாத்தியார் வீட்டு இளையவள்

*

பொருளாளர் கவனத்துக்கு (எட்டாவது தடவை).

மடை மராமத்துக்கு 2018-ல் வசூல் 1,84,500. ஜேசிபி வாடகை 96,000, கூலி 40,000. "இதர" என்று 31,200. மீதி 17,300 எங்கே? இதர என்பது யார் வீட்டுப் பெயர்? வளைவோ வாத்தோ, அந்த ரசீது வராமல் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளி நகராது.

*

கூந்தன்குளம் 1994-ல் சரணாலயம் ஆச்சு, 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறியாச்சு. நமக்கு என்ன குறை? பஸ்ஸில் போகிறவன் நம்ம ஊர்ப் பெயரை ஒரு தடவை வாசிக்க வேண்டாமா? வளைவுக்குக் கொத்தனாரிடம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இறக்கை தொங்குது, வலை கிடக்குது என்று ஊரைக் குறை சொல்லத்தான் சிலர் லீவு போட்டு வருகிறார்கள். என் மகள் கல்யாணத்துக்கு வரத் தெரியவில்லை, வாத்தை மட்டும் இருபது அடியில் போய்ப் பார்க்கத் தெரிகிறது.

*

சண்டையை விடுங்கப்பா. ஆனி பிறந்து சாரல் காத்து அடிச்சதும், கோயில் உடைமரத்தில் சுடலைக்குயில் கத்துமே, இப்பவும் கத்துதா? தலையில் கொண்டை, மேலே கறுப்பு, வயிறு வெள்ளை. தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுக் கமுக்கமாகப் போய்விடும். அது கத்தினால் எங்க அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்கே மலையைப் பார்ப்பார். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறதென்று பேரன் சொல்கிறான். நிஜமா? இங்கே டொரண்டோவில் ஜன்னலைத் திறந்தால் காக்காகூட நம்ம காக்கா மாதிரி இல்லை.

*

வாத்தியார் வீட்டு இளையவள்தான் மறுபடியும். பெரியப்பா, பேரன் சொன்னது சரிதான். வடக்கே வருகிறது ஆப்பிரிக்காவிலிருந்து மழைக்கு முன்னால் அரபிக்கடல் தாண்டி வரும். ஆனால் தெற்கே நம்ம பக்கம் இங்கேயே இருக்கிற சுடலைக்குயிலும் உண்டு. கத்துவதை வைத்து எது உள்ளூர், எது வெளியூர் என்று பிரிக்க முடியாது. நான் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஒன்று கத்தியது.

சித்தப்பா, கூந்தன்குளத்துக்குப் பறவையைக் கூட்டிவந்தது வளைவா? அங்கே வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டினாலும் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நம்ம ஊரில் கோயில் கொடைக்கு அதே குளத்தங்கரையில் அதிர்வேட்டு. கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகையே வரவில்லை. அதைச் சித்தியிடம் கேளுங்கள்.

இன்று காலை அத்தை மகன் போன் பண்ணினான். மோட்டாரைக் கரையில் இறக்கி வைத்தாச்சாம், ஹோஸ் இன்னும் வரவில்லை. வாத்துக்காக வனத்துறைக்குச் சொல்லியிருக்கிறான், ஆள் வருகிறவரை மடைப்பக்கம் நாயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குத்தகைக்காரர் 40,000 கேட்கிறார். 30,000-க்கு இறங்குவார் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் யார் யார் பங்கு தருகிறீர்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். சிங்கப்பூர் அண்ணாச்சி, குத்தகைக்காரர் கையெழுத்துப் போட்ட ரசீது முதலில் உங்களுக்குத்தான் வரும்.