புதுப்பிப்பு: அப்பாவுக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று

நுரையீரல் தழும்பு நோய் உள்ள அப்பாவுக்கு அடிக்கடி சிடி எடுத்தால் கதிர்வீச்சு கூடிக்கொண்டே போகாதா என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுத்தார்கள்.

வழக்கமான மார்பு சிடியில் உடலில் படும் கதிர்வீச்சு சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இது ஏறக்குறைய 1.5தான். இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 நம் மேல் படுகிறது என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

கதிர்வீச்சைக் குறைத்ததால் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. தேன்கூடு மாதிரியான தழும்புகள் நன்றாகத் தெரிகின்றன. மெல்லிய மூட்டம் போன்ற மாற்றங்கள்தான் அந்தப் புள்ளிகளில் மறைந்துவிடக்கூடும். முதல் தடவை முழு அளவு கதிர்வீச்சில் எடுத்தது சரிதான் போலிருக்கிறது.

அப்புறம், குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்க நுரையீரல் தன் பாரத்திலேயே அமுங்கி, நோய் மாதிரித் தெரியுமாம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாலே அப்பாவுக்கு இருமல். மூன்று முறை ஒத்திகை பார்த்துத்தான் படம் எடுத்தார்கள். அசைந்துபோய் மறுபடி எடுத்தால் கதிர்வீச்சும் இரட்டிப்பாகிவிடுமே.

சிடி எதற்கு, "ஊதிப் பார்க்கும் சோதனையே போதும்" (நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பது) என்று என் முந்தைய கேள்விக்குப் பதில் எழுதியவருக்கு: அது அடுத்த வாரம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பாராம் மருத்துவர்.