பாலம் விழுந்ததும் ரயிலுக்கு வருகிறவர்கள், பாலம் திறந்த பிறகும் ரயிலிலேயே இருப்பார்களா?

கடைசிப்பெட்டி:

2017 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஐ-85 நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில் ஒரு பகுதி தீயில் வெந்து விழுந்தது. பாலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்களைக் குவித்து வைத்திருந்தார்கள், தீ அதில் பற்றியது. தினமும் 2 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் போய்வந்த சாலை அது. அடுத்த சில நாட்களிலேயே அங்குள்ள மார்ட்டா ரயிலில் கூட்டம் ஏறியது, வடக்குப் பக்க நிலையங்களில் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. மே மாத நடுவில் பாலம் திறந்துவிட்டார்கள்.

இப்படி ஒவ்வொரு முறை சாலை உடையும்போதும் "இனி மக்கள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாறிவிடுவார்கள்" என்று யாராவது எழுதுகிறார்கள். அது நடக்கிறதா? வந்தவர்களில் சிலராவது தங்குவதற்கு எது காரணமாகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு இது மனதைக் குடையும் கேள்வி.

தண்டவாளம்:

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே ஐ-5, மாநிலச் சாலை 14 இரண்டும் சேரும் இடத்தில் பாலங்கள் விழுந்துவிட்டன, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நகரத்துக்கு வர நல்ல வழியே இல்லை. மெட்ரோலிங்க் ரயில் தொடங்கி அப்போது ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. அந்தத் தடத்தில் தினமும் ஆயிரம் பேர் அளவில் ஏறிக்கொண்டிருந்தது சில நாட்களில் 20 ஆயிரத்தைத் தாண்டியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நிலநடுக்கம் நடந்து ஒரே வாரத்தில், ஜனவரி 24-ல், ரயிலை மலைக்கு அந்தப் பக்கமுள்ள லான்காஸ்டர் வரை நீட்டிவிட்டார்கள். சாதாரணக் காலத்தில் அனுமதி, ஆய்வு, நிதி என்று வருடக்கணக்கில் இழுக்கும் வேலை அது.

சாலைகள் திறந்ததும் பெரும்பாலானவர்கள் காருக்கே போய்விட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கை பழைய ஆயிரத்துக்கு இறங்கவில்லை, லான்காஸ்டருக்கு இன்றும் ரயில் போகிறது. அதனால் என் பதில்: வந்த கூட்டத்தில் கொஞ்சம்தான் தங்கும், ஆனால் அந்தச் சமயத்தில் திறந்த நிலையமும் நீட்டிய சேவையும் தங்கிவிடும். நெருக்கடி நேரத்தில் கூடுதல் வண்டி விடுவதோடு நின்றுவிடாமல், பிறகும் பயன்படுகிற மாதிரி ஏதாவது கட்டிவிட வேண்டும்.

எதிர்க்காற்று:

மேலே சொன்னது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே ஒரு தண்டவாளம் அந்தத் திசையிலேயே கிடந்த இடத்துக்குத்தான் அது பொருந்தும். மினியாபொலிஸைப் பாருங்கள். 2007 ஆகஸ்ட் 1 அன்று ஐ-35டபிள்யூ பாலம் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள், ஒரு நாளைக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகள் போன பாலம். பக்கத்தில் வேறு பாலங்கள் இருந்தன. ஐ-94-ல் கூடுதல் தடம் ஒதுக்கினார்கள், 280-ஆம் எண் சாலையில் சிக்னல்களை எடுத்துவிட்டு நிற்காமல் போக வைத்தார்கள், மக்கள் சுற்றிக்கொண்டு காரிலேயே போனார்கள். சுற்றுவழி நன்றாக இருந்தால் யார் பஸ்ஸுக்கு வரப்போகிறார்கள்?

இன்னொன்று, இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறது. பஸ்ஸும் அதே சாலையில்தான் ஓடுகிறது. நெடுஞ்சாலை அடைபட்டால் முதலில் அடிபடுவது நெடுந்தூர விரைவுப் பஸ்கள், அப்புறம் வண்டிகள் எல்லாம் திருப்பிவிடப்படும் உள் தெருக்களில் ஓடும் சாதாரணப் பஸ்கள். வழக்கமாக ஏறுகிறவர், கார் வாங்க முடியாதவர், நிறுத்தத்தில் கூடுதலாக நின்று வேலைக்குத் தாமதமாகப் போகிறார். "பொதுப் போக்குவரத்துக்குக் கூட்டம் கூடியது" என்ற தலைப்புச் செய்தியில் அவர் வருவதே இல்லை, இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தபோது, கீழே போன ரயில் பாதைகளையும் மூட வேண்டியதாயிற்று. அங்கே எந்த ரயிலுக்கு மாறுவது?

பஸ்ஸுக்கென்று தனித் தடம் முதல் நாளே ஒதுக்காத வரை, சாலை உடைந்தால் பஸ்ஸுக்கு லாபம் என்று நான் ஏற்க மாட்டேன்.

வளைகுடா:

இருவர் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ உதவும். 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில், அதை எதிர்க்கரை ஓக்லாண்டோடு இணைக்கும் பே பாலத்தின் மேல்தளத்தில் ஒரு துண்டு விழுந்தது, பாலம் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. கடலடிக் குழாய் வழியே போகும் பார்ட் ரயில் சேதமில்லாமல் தப்பியது, அதனால் தினப் பயணிகள் சுமார் 2.2 லட்சத்தில் இருந்து 3 லட்சத்துக்கு மேல் போனார்கள், ரயிலை இரவு முழுக்க ஓட்டினார்கள். மறந்துபோயிருந்த படகுச் சேவையும் திரும்ப வந்தது. பாலம் திறந்த பிறகும் ஓக்லாண்டுக்குப் படகு நின்றுவிடவில்லை.

ஆட்கள் தங்குவதைப் பற்றி: 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது மக்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. பயண அட்டைத் தரவை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், சுமார் 5 சதவீதம் பேர் பிறகும் புது வழியிலேயே போனதாகக் கண்டார்கள். இரண்டே நாள் தொந்தரவுக்கு அது சின்ன எண் இல்லை. தங்கியவர்கள் தங்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதை அதுவரை அறியாதவர்கள். ஆக, ரயில் ஏற்கெனவே ஒருவருக்கு வசதியாக இருந்து அவர் முயன்றே பார்க்காமல் இருந்தால் தங்குவார், வேறு வழியில்லாமல் வந்தவர் பாலம் திறந்த அன்றே போய்விடுவார்.

கடைசிப்பெட்டி:

நன்றி, மூன்று பதிலும் உதவின. ஒரு துணைக் கேள்வி: பிலடெல்பியாவில் 2023 ஜூன் 11 அன்று டேங்கர் லாரி எரிந்து ஐ-95 விழுந்ததும் ரயிலில் இடம் கூட்டினார்கள், ஆனால் 12 நாளில் தற்காலிகச் சாலை போட்டுத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு வேகமாகத் திறந்தால் ரயிலுக்குப் புதிதாக வந்தவருக்குப் பழகவே நேரம் இருக்காதே?

தண்டவாளம்:

வேகமாகத் திறப்பதைக் குறை சொல்ல முடியாது, எதிர்க்காற்று சொன்ன அந்தப் பஸ் பயணிக்கும் அதுதான் நல்லது. நிர்வாகங்கள் செய்ய வேண்டியது வேறு. புதிதாக வந்தவர் முதல் வாரத்தில் நிற்க இடமில்லாமல், எந்த நடைமேடை என்று தெரியாமல் அலைந்தால் அதுதான் அவர் நினைவில் நிற்கும். அப்புறம், கூட்டத்தை ஏறும் எண்ணிக்கையாக மட்டும் எண்ணாமல், புதிய பயண அட்டைகளில் எத்தனை மூன்று மாதம் கழித்தும் பயன்பாட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அந்த எண்ணில்தான் கிடைக்கும்.